கழித்தல் எழுநூற்று இருபது

பதினோரு வருஷமாக எழுதுகிறேன் அந்த முள்ளை,
மணலியில், ராத்திரி ஷிப்டில், மணிக்கு ஒரு தரம்.
கோபுரத்தின் உச்சியில்: பாதரச மில்லிமீட்டர், நாற்பது.
அடியில்: முந்நூற்று அறுபது டிகிரி.
பக்கத்தில் என் கையெழுத்து.
ஏன் நாற்பது என்பதற்கு லாக் புத்தகத்தில் கட்டம் இல்லை.

"அது அப்டித்தான்" என்றார் இன்சார்ஜ்.
டீ ஆறுவதற்குள் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காஜா மொய்தீனிடம் வாங்கினேன்,
செத்த ஃபிரிட்ஜுக்குள் சாகாமல் கிடந்த கம்ப்ரசரை.
எழுநூறு ரூபாய்.
"துட்டு அப்பால குடு. இன்னாத்துக்கு இது?"
"காத்த வெளிய எடுக்க, பாய்."
தண்டையார்பேட்டையில் காற்று உள்ளே வரத்தான்
எல்லோரும் வழி தேடுவார்கள்.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
ஆயில் ஒரு பாட்டிலும் சேர்த்துக் கொடுத்தார்.

முதலில் பெயின்ட் டப்பா.
பன்னிரண்டு எண்ணுவதற்குள் இடுப்பு ஒடுங்கி மடிந்தது,
யாரோ மிதித்த மாதிரி. யாரும் மிதிக்கவில்லை.
அடுத்து ஜன்னல் கண்ணாடியை மூடியாக வைத்தது.
அதைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாள் ரோசலின்.

மூன்றாவது,
கல்யாணத்துக்கு வந்த பெரிய குக்கர்.
உள்ளிருந்து தள்ளுவதைத் தாங்கப் பிறந்தது.
வெளியிலிருந்து அமுக்குவதை இந்த வயதில் பழகியது.
மண்ணடியில் வட்டமாக வெட்டி வாங்கிய
இருபது மில்லி அக்ரிலிக் மேலே.
காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
மூடி மேல் ஏறி உட்காரும் காற்று நானூற்றைம்பது கிலோ.
ஒரு ஆட்டோ. உள்ளே டிரைவர். பின்னால் ஒரு சவாரி.

முள் அறுநூறில் நின்றது. மூன்று ஞாயிறு.
சோப்பு நுரை தடவினேன்; அது ஊதி வெளியே வரும் கசிவுக்கு.
இது உள்ளே குடிக்கும் கசிவு.
ஊதுவத்தி பிடித்தேன்; புகை ஃபேன் சொன்னதைக் கேட்டது.
ஃபேனை நிறுத்தினால் எதிர்வீட்டு வஞ்சிரம் பொரியும் புகை.

தையலை விட்டு எழுந்து வந்தாள் ரோசலின்.
மீன்தொட்டி ட்யூபின் ஒரு முனை காதில்,
மறுமுனையை மூடியின் விளிம்போடு ஓட்டினாள்.
நூல் அறுவதற்கு முன்பே மிஷின் நிறுத்தும் காது.
"இங்க விசிலடிக்குது."
சிலிக்கானுக்குள் ஒரு தலைமுடி.
அவளுடையது. என் தலையில் அதற்கு வாய்ப்பில்லை.

மே மாத மத்தியானம், லாரித் தண்ணீர்,
கண்ணாடி டம்ளரில், தெர்மாமீட்டரோடு.
முப்பத்துநாலு டிகிரி. நாங்கள் எல்லோரும் அந்தச் சூட்டில்தான் இருந்தோம்.
முள் அறுநூற்றைம்பது. எழுநூறு.
டம்ளரின் சுவரில் மணல்மணலாகக் குமிழி,
அது சும்மா கரைந்திருந்த காற்று, நம்பாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கழித்தல் எழுநூற்று இருபது.
அடியிலிருந்து ஒரு பெரிய குமிழி
உடம்பை உருட்டிக்கொண்டு மேலே வந்து உடைந்தது.
பிறகு எல்லாம்.
அடுப்பு இல்லை, தீ இல்லை, தளதளவென்று கொதி.

எழுநூற்று அறுபதில் எழுநூற்று இருபது போக
நாற்பது.

நாற்பது!

அப்போது புரிந்தது மணலிக் கோபுரம்.
மேலே உட்கார்ந்திருக்கும் கனத்தில்
அந்தக் கறுப்பு எண்ணெய் ஆவியாகப் பார்த்தால்
அதற்கு முன்பே கருகிக் கரியாகும்.
சூட்டை ஏற்றாதே, கனத்தை எடு.
பதினோரு வருஷம் விடையை எழுதிவிட்டு
கேள்வி தெரியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தண்ணீர் தன் சூட்டையே தின்று கொதித்தது.
முப்பத்திரண்டு. முப்பது. இருபத்தொன்பதில் ஓய்ந்தது.
விடாமல் இழுத்தால் கொதித்தபடியே உறையுமாம்.
ஃபிரிட்ஜின் பழைய மூச்சுக்கு அது எட்டவில்லை.

"சூடா?" என்றாள் ரோசலின்.
வால்வைத் திறந்தேன். தெருவே உள்ளே பாய்ந்தது:
கருவாடு, டீசல், மணலியின் அழுகிய முட்டை வாடை.
மூடி தளர்ந்தது. டம்ளரை எடுத்து
அவள் கன்னத்தில் வைத்தேன்.
"ச்சீ, ஜில்லுனு கீது."
அதில் கொஞ்சம் குடித்துவிட்டு
பாக்கியை ஊற்றினாள், செம்பருத்திக்கு.